வாளியில் கரைத்த மயில்துத்தம்

எங்கள் வீட்டில் அந்நாளில் எல்லோரும் ஒன்றை உறுதியாக நம்பினார்கள். தேனிக்கும் கூடலூருக்கும் இடையில் வேதியியலை முழுதாக அறிந்தவள் நான் ஒருத்திதான் என்பது அந்த நம்பிக்கை. தேனி கடைவீதியில் எங்களுக்கு உரக்கடை இருந்தது. என் மாமனார் கல்லாவில் அமர்ந்தபடி வருகிறவர்களிடம் சொல்வார்: "எங்க மருமக கெமிஸ்ட்ரி படிச்சது. மூட்டையப் பாக்காமலே உள்ள என்ன சத்து இருக்குன்னு சொல்லிரும்." மாமியார் இன்னும் ஒரு படி மேலே போவார். ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும் பெண்களிடம், "இன்னுங் கொஞ்ச வருசத்துல அந்தப் பள்ளிக்கூடத்துக்கே எச்.எம். ஆகிரும், பாருங்க" என்பார். அவருடைய வாக்கு பலித்தது. மாமனாருடைய நம்பிக்கை என்னவாயிற்று என்பதை உங்களுக்கு எழுதுகிறேன்.

இதை எழுதக் காரணம் நீங்கள் அனுப்பிய கையேட்டின் வரைவு. பத்தாம் வகுப்பு வேதியியலின் அடிப்படைகளைத் திருப்புதல் செய்வது எப்படி என்று இளம் ஆசிரியர்களாகிய நீங்கள் சேர்ந்து தொகுத்திருக்கிறீர்கள். அக்கறையான வேலை. அதில் ஒரு பகுதிக்கு என் பெயரைச் சூட்டியிருக்கிறீர்கள். மண்பானையும் அரிவாளும் கொண்டு வினைபடு வரிசையைக் கற்பிக்கும் அந்தப் பாடத்தை, நான் ஓய்வு பெறும் வரை ஒவ்வோர் ஆண்டும் தை மாதத்தில் நடத்தினேன் என்பது உண்மை. ஆனால் அது என் பாடமன்று. அச்சுக்குப் போகுமுன் நீங்கள் இதைப் படித்துவிட வேண்டும்.

எஸ்.எஸ்.எல்.சி. பதினோராம் வகுப்பில் இருந்த கடைசி ஆண்டுகள் அவை. சின்னமனூருக்குத் தெற்கே, சாலையோரத்தில் இருந்த ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் மூத்த அறிவியல் ஆசிரியை. என் மாணவிகளில் பெரும்பாலோர் திராட்சைத் தோட்டக்காரர்களின் பெண்கள். சிலர் மலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் பெண்கள். திருப்புதல் என்றால் அப்போது என்னிடம் ஒரு முறை இருந்தது. பல ஆண்டு வினாத்தாள்களை அலசி நாற்பது வினாக்களைத் தேர்ந்தெடுப்பேன். விடைகளை என் கையால் எழுதிப் படியெடுத்துக் கொடுப்பேன். தனிமங்களின் இணைதிறனைப் பாட்டுப் போல ஒப்பிக்கச் சொல்வேன். உலோகங்களின் வினைபடு வரிசையைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தேன். பொட்டாசியத்தில் தொடங்கிப் பொன் வரையில் மூச்சு விடாமல் சொல்லாத பெண் என் வகுப்பில் கிடையாது. மேலே இருக்கும் உலோகம் கீழே இருக்கும் உலோகத்தை அதன் உப்பிலிருந்து வெளியேற்றும் என்பதையும் சொல்வார்கள். வெளியேற்றுவதை யாரும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை. தேர்ச்சி நன்றாகவே இருந்தது.

அந்த ஆண்டு ஆடியில் ஒரு தற்காலிக ஆசிரியை வந்தார். தினமும் கூடலூரிலிருந்து பேருந்தில் வந்ததால் மாணவிகள் அவரைக் 'கூடலூர் டீச்சர்' என்றார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம். தேனிப் பேருந்தில் நானும் குமுளிப் பேருந்தில் அவருமாக, ஏறக்குறைய ஒரே நேரத்தில் எதிரெதிர்த் திசைகளிலிருந்து பள்ளி வாசலில் இறங்குவோம். என்னைவிட நான்கைந்து வயது இளையவர். இரண்டாம் வகுப்பில் தேறிய பட்டம். தகப்பனார் குமுளிக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்தில் கங்காணி. கைகள் அகன்று, பொருள்களைத் தூக்கிப் பழகியவையாக இருந்தன. சோதனைக் குழாயைப் பிடிக்கும்போது கூட அந்தக் கைகளில் சிறிதும் தயக்கம் இருக்காது. முதல் நாளே அதைக் கவனித்தேன். கவனித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

பதினோராம் வகுப்பு இரண்டு பிரிவுகளாக இருந்தது. நன்றாகப் படிப்பவர்கள் ஏ பிரிவு, எனக்கு. அரையாண்டில் தவறியவர்கள் பி பிரிவு, அவருக்கு. இடையில் கூரை வரை எட்டாத ஒரு செங்கல் சுவர். அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும்.

பொங்கல் முடிந்து திருப்புதல் தொடங்கிய வாரம், அந்தச் சுவருக்கு அப்பாலிருந்து சிரிப்புக் கேட்டது. கேலிச் சிரிப்பாக இருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன். ஒரு விஷயம் பிடிபடும்போது பிள்ளைகள் சிரிக்கிற சிரிப்பு அது. உங்களுக்கு அதன் ஓசை தெரியும். என் பெண்கள் விடை எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் நின்றுபோயின. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் வகுப்புக்கு ஓர் எழுத்துவேலை கொடுத்துவிட்டு வராந்தாவில் நடந்து போய், பி பிரிவின் சன்னல் ஓரமாக நின்றேன். மேற்பார்வை என்று எனக்கு நானே பெயர் சொல்லிக்கொண்டேன்.

மேசையில் ஒரு மண்பானை. அதில் நீல நிறக் கரைசல். பக்கத்தில் ஓர் அரிவாளும் ஒரு சிரட்டையில் கரைத்த சுண்ணாம்பும்.

"மயில்துத்தம் பாத்தவுக யாரு?" என்று கேட்டார் கூடலூர் டீச்சர்.

எல்லாக் கைகளும் உயர்ந்தன. அரையாண்டில் தவறியவர்கள் நிறைந்த வகுப்பில் எல்லாக் கைகளும் உயர்ந்து நான் பார்த்ததில்லை.

"திராட்சைக் கொடிக்கு மருந்தா அடிக்கையில அத மட்டுமா அடிக்கிறாக?"

"சுண்ணாம்பு சேப்பாக டீச்சர். இல்லன்னா இலை கருகிப் போகும்."

"சுண்ணாம்பு பத்துமா பத்தாதான்னு எப்படித் தெரியும்?"

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். எந்தக் கேள்விக்கும் எழுந்திராதவள் என்று நான் அறிந்த பெண். "எங்கய்யா அருவாள முக்கிப் பாப்பாக டீச்சர். செவந்துச்சுன்னா இன்னுங் கொஞ்சம் சுண்ணாம்பு போடுவாக. செவக்கலன்னா சரி."

"வா, முக்கு."

அவள் முக்கினாள். சற்று நேரம் கழித்து எடுத்தபோது அரிவாளின் வெள்ளை விளிம்பில் செம்பு படிந்திருந்தது.

"இந்தச் செவப்பு எங்கன இருந்து வந்துச்சு? அருவாளுக்குள்ள இருந்தா, தண்ணிக்குள்ள இருந்தா?"

இப்படித் தொடங்கிக் கரும்பலகையில் இரும்பையும் மயில்துத்தமாகிய காப்பர் சல்பேட்டையும் எழுத வைத்தார். குறியீடு தெரியாத பெண்ணுக்குக் குறியீடு, இணைதிறன் மறந்தவளுக்கு இணைதிறன். எட்டாம் வகுப்பில் விட்டுப்போனதை எல்லாம் அந்தப் பானையைச் சுற்றி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பிறகு சுண்ணாம்பைச் சேர்த்து மீண்டும் அரிவாளை முக்கச் சொன்னார். இம்முறை சிவக்கவில்லை. அப்போதுதான் அந்தச் சிரிப்பு எழுந்தது.

நான் சன்னலோரம் நின்றிருந்தேன். எங்கள் கடையின் பின்கட்டில் மயில்துத்தம் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. ஆண்டுகளாக அதைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போனேன். அதை வாங்கிப் போகிறவர்கள் வீட்டில் அரிவாளை முக்கிப் பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. அவருடைய அறிவின் மேல் எனக்குப் பொறாமை வரவில்லை, அதைப் படித்துக்கொள்ளலாம். அந்தக் கடைசி பெஞ்சுப் பெண் அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாளே, அந்தப் பார்வைதான் என்னைச் சுட்டது. அப்படி என்னை யாரும் பார்த்ததில்லை. என் மாணவிகள் என்னை மதித்தார்கள், அஞ்சினார்கள், என் கையெழுத்தைப் பார்த்து எழுதப் பழகினார்கள். அவ்வளவுதான்.

பொறாமை என்பது நெருப்பு என்று எழுதுகிறார்கள். எனக்கு அது பல்வலி போல இருந்தது. வேலை எல்லாம் நடக்கும், ஆனால் நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருக்கும்.

பணியறையில் தமிழாசிரியை ஒருவர் இருந்தார். வாயாடி, நல்ல மனம். "என்ன டீச்சர், உங்க ஏ செக்‌ஷன் பிள்ளைக எல்லாம் செவுத்துல காத ஒட்ட வச்சுருக்குதுக? சுண்ணாம்பு உதுந்துறப் போகுது" என்றார். சிரித்து வைத்தேன். அடுத்த நாள் என் வகுப்பின் முதல் மாணவி, இராயப்பன்பட்டிப் பக்கத்துத் தோட்டக்காரர் மகள், என்னிடம் வந்து நின்றாள்.

"டீச்சர், திருப்புதலுக்கு மட்டும் நான் பி செக்‌ஷன்ல உக்காரட்டுமா?"

"உன் மார்க்குக்கு அது எதுக்கு?"

"மார்க்குக்கு இல்ல டீச்சர். ஏன்னு தெரிஞ்சுக்கத்தான்."

"பரீட்சையில ஏன்னு கேக்க மாட்டாக. எழுதுன்னுதான் கேப்பாக. போய் உக்காரு."

இந்த விடையை நான் சொன்னேன் என்பதை நாற்பது ஆண்டுகளாக யாரிடமும் சொன்னதில்லை. இளம் தோழர்களே, உங்கள் மாணவி பக்கத்து வகுப்பைக் கேட்கிறாள் என்றால் அவளிடம் கோபப்படாதீர்கள். உங்கள் வகுப்பில் எது இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வாளரும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

பிப்ரவரியில் அந்தத் தற்காலிகப் பணியிடத்தை நிரந்தரமாக்க நிர்வாகம் முடிவு செய்தது. கூடலூர் டீச்சரும் வெளியிலிருந்து ஒருவரும் விண்ணப்பித்திருந்தார்கள். தலைமையாசிரியை என்னை அழைத்து, "பாடத்துல அவுக எப்படின்னு நீங்கதான் எழுதித் தரணும். கமிட்டிக்காரக உங்க எழுத்தத்தான் பாப்பாக" என்றார்.

அன்று மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டே கூடலூர் டீச்சர் என்னிடம் அதைப் பற்றிப் பேசினார். நான்தான் எழுதப்போகிறேன் என்பது அவருக்கு அப்போது தெரியாது.

"இது கெடச்சாத்தான் டீச்சர் நான் இங்கன இருக்க முடியும். இல்லன்னா எங்கய்யா மலைக்கு மேல வரச் சொல்றாக. எஸ்டேட்டுல சின்னப் பிள்ளைகளுக்குப் பால்வாடி இருக்கு, அதப் பாத்துக்கன்னு."

"அதுவும் நல்ல வேலைதான?" என்றேன்.

"நல்ல வேலைதான். ஆனா அங்கன கெமிஸ்ட்ரி கெடையாதுல்ல டீச்சர்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லிவிட்டுச் சற்று நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

நான் எழுதிய கடிதம் இன்றும் எனக்கு மனப்பாடம். 'பொதுத் தேர்வுக்கு மிகக் குறைந்த நாள்களே உள்ள நிலையில், இவர் எட்டாம் வகுப்பு நிலைப் பாடங்களை நடத்துகிறார். எதிர்பார்க்கப்படும் வினாக்களுக்கு விடை எழுதும் பயிற்சி இவர் வகுப்பில் முறையாக அளிக்கப்படவில்லை. பாடநூலில் இல்லாத செயல்களில் நேரம் செலவிடப்படுகிறது. ஆசிரியப் பயிற்சிப் பட்டம் பெறவில்லை.' நான்கு வாக்கியங்கள். நான்கும் உண்மை. ஒன்றையும் யாரும் மறுக்க முடியாது. மறுக்க முடியாத வாக்கியங்களாகத் தேர்ந்தெடுத்து எழுதினேன். பொய் சொல்லத் துணிவில்லாதவர்கள் உண்மையைக் கொண்டு காரியம் முடித்துக்கொள்ளும் வழி அது. பின்னாளில் நானே தலைமையாசிரியையாக அமர்ந்து பிறரைப் பற்றிய கடிதங்களைப் படித்தபோது, அதில் எழுதியிருப்பது சரியா என்று மட்டும் பார்த்ததில்லை. எழுதாமல் விட்டது என்ன என்று எழுதியவரை அழைத்துக் கேட்டிருக்கிறேன்.

கடிதத்தைக் கொடுத்த பிறகும் வலி நிற்கவில்லை. அவருக்கு எது வருகிறதோ அது எனக்கும் வரும் என்று காட்ட வேண்டும் என்ற எண்ணம் பிடித்தது. எங்கள் கடையிலிருந்து மயில்துத்தம் கொண்டு வந்தேன். பானை பி பிரிவில் இருந்தது. அதைக் கேட்டு வாங்க மனமில்லை. கைகழுவும் இடத்தில் துத்தநாகம் பூசிய தகர வாளி ஒன்று புதிதாகப் பளபளவென்று இருந்தது. மாலை மணி அடித்ததும் அதில் நீரை ஊற்றித் துத்தத்தைக் கரைத்து மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் இரண்டாம் பாடவேளைக்குத் தலைமையாசிரியையை என் வகுப்புக்கு வந்து பார்க்கும்படி அழைத்தும் இருந்தேன்.

தலைமையாசிரியை பின்வரிசையில் நாற்காலி போட்டு அமர்ந்தார். வாளியைத் திறந்தேன். நீலம் வெளுத்துக் கிடந்தது. நீர் கூடிப்போயிற்று போலும் என்று நினைத்தேன். அடிப்படைகளைப் பற்றி ஓர் அழகான முன்னுரை சொன்னேன். அரிவாளை முக்கினேன். காத்திருந்தேன். எடுத்தேன்.

அரிவாள் நனைந்திருந்தது. அவ்வளவுதான்.

மீண்டும் முக்கினேன். இம்முறை நெடுநேரம். என் முதுகுக்குப் பின்னால் சுவரில் நான் எழுதி மாட்டிய அட்டை தொங்கியது. அதில் துத்தநாகம் எங்கே, இரும்பு எங்கே, செம்பு எங்கே என்பது கொட்டை எழுத்தில் இருந்தது. ஆண்டுதோறும் அதை ஒப்பிக்க வைத்தவள் நான். அந்த வேளையில் அது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

முதல் மாணவி மெதுவாக எழுந்தாள். "டீச்சர், தகர வாளியில கரைக்கக் கூடாது டீச்சர். எங்க வீட்டுல பானையிலதான் கரைப்பாக. வாளி ஓட்டையாப் போகும்."

"உக்காரு" என்றேன்.

பின்வரிசையிலிருந்து தலைமையாசிரியை சொன்னார்: "கூடலூர் டீச்சரக் கூப்பிடுங்களேன். அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கும்."

என் பணிக்காலத்தில் அதைவிடக் கடினமான ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை.

அவர் விரல்களில் சாக்குக்கட்டித் தூளோடு வந்தார். வாளியைப் பார்த்தார். அரிவாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்குப் பல ஆண்டுகள் புரியவில்லை. வகுப்பின் பக்கம் திரும்பி, இயல்பான குரலில் பேசினார்.

"ஏன் செவக்கல? உங்க டீச்சர் வேணும்னேதான் வாளியில கரைச்சு வச்சிருக்காக. பானையில கரைச்சா நான் நடத்துனதத்தான் திருப்பி நடத்தணும். இது அதுக்கு அடுத்த கேள்வி. தண்ணிக்குள்ள இருந்த செம்பு எங்கன போச்சு?"

அவர் ஒரு குச்சியை எடுத்து வாளியின் உட்புறத்தைச் சுரண்டிக் காட்டினார். கருஞ்சிவப்பாக ஏதோ உதிர்ந்தது.

"வாளியில ஒட்டிருச்சு டீச்சர்" என்றாள் ஒருத்தி.

"வாளிக்கு மேல்பூச்சு என்ன?"

"துத்தநாகம்."

"அருவாளுக்கு மிச்சம் வைக்காம அது ஏன் எல்லாத்தையும் பிடுங்கிக்கிருச்சு?"

முதல் மாணவி எழுந்து நேரே சுவருக்குப் போனாள். அட்டையில் விரலை வைத்தாள். "இதுக்குத்தானா டீச்சர் இந்த வரிசை? துத்தநாகம் இரும்புக்கு மேல இருக்கு. செம்பு ரெண்டுக்கும் கீழ இருக்கு. வாளி முந்திக்கிருச்சு."

அவள் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். ஏழு மாதமாக அவள் ஒப்பித்த வரிசை. தலையசைத்தேன்.

தலைமையாசிரியை மிகவும் மகிழ்ந்து எழுந்தார். "ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுத்தான் நடத்துறீகளா?"

"ஆமா" என்றேன்.

கூடலூர் டீச்சர் அரிவாளைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டுத் தம் வகுப்புக்குத் திரும்பிப் போனார். நான் நன்றி சொல்லவில்லை. அவருடைய பெருந்தன்மையும் அப்போது எனக்கு அவரிடமிருந்த இன்னொரு குற்றமாகவே தோன்றியது.

ஒரு சோதனை வகுப்பில் தோற்றால் என்ன செய்ய வேண்டும் என்பதை அன்று கற்றேன். 'ஏன் ஆகவில்லை' என்று பிள்ளைகளிடம் கேட்க வேண்டும். நாம் தவறு செய்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது பகுதியை அன்று நான் சொல்லவில்லை.

மாலையில் தலைமையாசிரியையிடம் போய்க் கடிதத்தைத் திரும்பக் கேட்டேன். "காலையிலயே தாளாளருக்குப் போயிருச்சே" என்றார். பிறகு என்னைக் கூர்ந்து பார்த்தார். "சனிக்கிழமைதான் கூட்டம். வேணும்னா இன்னொன்னு எழுதிக் குடுங்க. நானே கொண்டு போறேன்."

மறுநாள் ஆய்வகத்தில் தனியாக அமர்ந்து எழுதினேன். அவர் திறமையானவர், மாணவிகளின் மனத்தில் பதியும்படி கற்பிக்கிறார், பின்தங்கியவர்களைக் கைதூக்கி விடுகிறார் என்று ஒரு பக்கம் நிறைந்தது. தலைமையாசிரியை அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லா இருக்கும்மா. ஆனா முதல்ல அப்படி எழுதுனவுக இப்ப ஏன் இப்படி எழுதுறாகன்னு கேப்பாக. யாரும் சிபாரிசுக்கு வந்தாகளான்னு கேப்பாக. அதுக்கு ஒரு வரி வேணும்ல?"

அந்த ஒரு வரி எதுவென்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும் என்று பின்னால் நினைத்துக்கொண்டேன். 'முன்பு எழுதியதைப் பொறாமையால் எழுதினேன்.' இரண்டாம் பக்கத்தில் எழுத இடம் இருந்தது. பேனாவும் கையில் இருந்தது. தேனியில் என் வீட்டார் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. தாளாளர் எங்கள் கடைக்கு வந்து போகிறவர்.

"இவ்வளவுதான் எழுத முடியும்" என்றேன்.

அவர் வற்புறுத்தவில்லை. சனிக்கிழமை இரண்டு கடிதங்களும் மேசைக்குப் போயின. இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. மதுரையிலிருந்து விண்ணப்பித்திருந்த, பயிற்சிப் பட்டம் பெற்ற பெண்ணை எடுத்தார்கள். அந்தப் பெண் இரண்டாண்டு கூடத் தங்கவில்லை.

தேர்வு நடக்கும் வரை கூடலூர் டீச்சர் ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை. வேலை இல்லை என்று தெரிந்த பிறகும் குமுளிப் பேருந்து ஒவ்வொரு காலையும் அவரை வாசலில் இறக்கிவிட்டது. கடைசி நாள் பி பிரிவுப் பெண்கள் அவருக்கு ஒரு கூடை பன்னீர் திராட்சை கொண்டு வந்தார்கள். அதைப் பணியறையில் எல்லோருக்கும் பங்கிட்டார். எனக்கும் ஒரு கொத்து வந்தது. அரையாண்டில் தவறிய அந்தப் பெண்களில் பலர் வேதியியலில் என் மாணவிகளுக்குச் சமமாக வாங்கியிருந்தது ஜூனில் தெரிந்தபோது, அதைச் சொல்ல அவர் பள்ளியில் இல்லை.

அடுத்த தை மாதம் நான் மண்பானை வாங்கினேன். அவர் கேட்ட கேள்விகளை அவர் கேட்ட வரிசையிலேயே கேட்டேன். பிறகு வாளியையும் சேர்த்துக்கொண்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆய்வுக்கு வந்தவர்கள் பாராட்டினார்கள். சுற்றுவட்டப் பள்ளிகளிலிருந்து வந்து பார்த்தார்கள். யாரிடமிருந்து கற்றேன் என்று எவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தலைமையாசிரியையான பிறகு, எண்பதுகளின் நடுவில், தேர்வு மையப் பணிக்காகக் கூடலூர் போனேன். மதியம் பேருந்துக்குக் காத்திருக்கும்போது, குமுளி போகும் ஜீப்புகள் நிற்கும் இடத்தில் அவரைப் பார்த்தேன். காலடியில் சிலேட்டுக் கட்டுகள். தலைமுடியில் நரை கண்டிருந்தது. அவர்தான் முதலில் என்னை அடையாளம் கண்டார்.

"டீச்சர், சௌக்கியமா இருக்கீகளா? எச்.எம். ஆயிட்டீகன்னு கேள்விப்பட்டேன்."

எஸ்டேட்டுப் பால்வாடி இப்போது ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பள்ளியாக இருந்தது. அதை அவர்தான் அலைந்து அலைந்து ஆக்கியிருந்தார். தமிழும் மலையாளமுமாகக் கலந்து பேசும் பிள்ளைகள். கேட்டுக்கொண்டே இருந்த நான், இத்தனை ஆண்டுகள் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று தொடங்கினேன்.

"உங்களைப் பத்திக் கமிட்டிக்கு முதல்ல ஒரு கடுதாசி எழுதுனது…"

"தெரியும் டீச்சர்."

"எப்ப?"

"நீங்க குடுத்த அன்னைக்கே. சாயங்காலம் நம்ம பழைய எச்.எம். அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டுனாக. இதுக்கு என்ன சொல்றீகன்னு கேட்டாக. படிச்சுப் பாத்தேன். எல்லாம் உள்ளதுதான. என்னத்தச் சொல்ல?"

மறுநாள்தான் நான் வாளியின் முன் நின்றது. அவர் என்னைப் பார்த்த பார்வை அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"தெரிஞ்சும் எதுக்கு என்னைக் காப்பாத்துனீக?"

அவர் சற்று யோசித்தார். உண்மையான விடையைத் தேடுகிறவர் போல.

"உங்களக் காப்பாத்தணும்னு இல்ல டீச்சர். கோவமாத்தான் வந்தேன். ஆனா பரிச்சைக்கு முன்னாடி பிள்ளைக மனசுல அந்த வரிசை பொய்யின்னு விழுந்துறக் கூடாதுல்ல? அத்தன மாசம் ஒப்பிச்சதுகளுக்கு ஒரு அர்த்தம் தெரிய வேணாமா?"

ஜீப்காரர் ஒலியெழுப்பினார். "வரேன் டீச்சர். மேல ஒருநாள் வாங்க" என்று சொல்லிச் சிலேட்டுக் கட்டுகளோடு ஏறிக்கொண்டார்.

என்னை மன்னித்திருந்தால் அவரை வணங்கியிருப்பேன். என்னைக் கடிந்திருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அவர் என்னைப் பற்றி எண்ணவே இல்லை, வகுப்பைப் பற்றி எண்ணியிருக்கிறார். வேலை போகப்போகிறது என்று அறிந்த காலையில், அதைப் போக்கியவளின் வகுப்பறையில் நின்று, பிள்ளைகளுக்கு எது விளங்க வேண்டும் என்று மட்டும் எண்ண அவரால் முடிந்திருக்கிறது. தலைமையாசிரியைப் பதவியோடு அந்த நிறுத்தத்தில் நின்ற நான், சிலேட்டுக் கட்டுகளோடு போகிறவரைப் பார்த்து மறுபடியும் பொறாமைப்பட்டேன். இம்முறை அது வலித்த இடம் வேறு. அந்தப் பொறாமை என்னை விட்டுப் போக வேண்டும் என்று நான் விரும்பியதே இல்லை.

மேலே ஒருநாளும் நான் போகவில்லை.

எனவே கையேட்டில் என் பெயரை எடுத்துவிடுங்கள். 'கூடலூர் டீச்சர் பாடம்' என்று போடுங்கள். அவருடைய முழுப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. கேட்டுப் பெற்றிருக்க வேண்டிய அனுமதியை, கேட்கக்கூடிய காலத்தில் நான் கேட்கவில்லை. உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்தான். சக ஆசிரியரைப் பற்றி எழுதித் தரும் நாள் உங்களுக்கும் வரும். அன்று ஏதேனும் ஒரு சன்னலோரம் நின்ற நினைவு உங்களுக்கு இருந்தால், அந்தத் தாளை இன்னொருவரிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.

அந்தத் தலைமையாசிரியை காலமாகி நெடுநாள்களாயின. தாளாளரும் கமிட்டியில் அமர்ந்தவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். கூடலூர் டீச்சர் சென்ற ஆனியில் மலையிலேயே இறந்ததாகச் செய்தி வந்தது. அந்தக் கடிதத்தைப் படித்தவர்களில் இப்போது ஒருவரும் இல்லை. எழுதியவள் இருக்கிறேன்.